ரீபூட் செய்தால் நிற்கும், கரண்ட் போனால் மாறும்: ஒரு சர்வர் முகவரியின் கதை

காலை ஒன்பதே காலுக்கு பில்லிங் கவுண்டரிலிருந்து போன். "அண்ணா, பில் போட முடியல. சர்வர் கிடைக்கலன்னு வருது."

முந்தைய இரவு கரண்ட் போயிருந்தது. யூபிஎஸ் தாங்கிய வரை தாங்கிவிட்டு, எல்லாவற்றையும் முறையாக ஷட்டவுன் செய்திருந்தது. விடிகாலையில் கரண்ட் வந்ததும் எல்லாம் தானாக எழுந்துவிட்டன. உள்ளே போய்ப் பார்த்தால் சர்வர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, டேட்டாபேஸும் ஓடியது. 192.168.10.25-இல் இருக்க வேண்டிய அது 192.168.10.137-இல் இருந்தது, அவ்வளவுதான். கவுண்டரில் இருக்கும் கணினிகள் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன.

இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் நான் செய்தது ஒன்றுதான்: சர்வரின் நெட்வொர்க் அமைப்பு எழுதியிருக்கும் நெட்பிளான் ஃபைலைத் திறந்து, 25 என்று மறுபடி எழுதி, நெட்பிளான் அப்ளை கொடுத்து, டீ குடிக்கப் போனேன். மூன்றாவது முறை டீ இறங்கவில்லை.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ஹோஸ்ட் கணினி, அதில் ப்ராக்ஸ்மாக்ஸ், அதாவது ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் மென்பொருள். அதற்குள் ஐந்தாறு விஎம்கள், அதாவது மெய்நிகர் கணினிகள். பில்லிங் டேட்டாபேஸ் ஓடுவது உபுண்டு 22.04 லினக்ஸ் விஎம் ஒன்றில், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். உபுண்டுவின் கிளவுட் இமேஜை (கிளவுடுக்கென்று முன்பே தயாரித்து வைத்த டிஸ்க் நகல்) இறக்கி ஒரு டெம்ப்ளேட் செய்து, அதிலிருந்து குளோன் எடுத்து உருவாக்கிய விஎம் அது. உருவாக்கிய நாளில் முகவரி டிஎச்சிபி வழியாகவே, அதாவது ரூட்டரிடம் கேட்டு வாங்கியதாகவே வந்தது. ரூட்டர் 100 முதல் 200 வரையான எண்களில் ஒன்றைக் கொடுக்கும். பில்லிங்குக்கு நிலையான முகவரி வேண்டும் என்றான பிறகு, நானே அமைப்பு ஃபைல்கள் இருக்கும் எட்சி அடைவில் இருக்கும் நெட்பிளான் ஃபோல்டருக்குள் போய், அங்கே இருந்த ஒரே ஃபைலான 50-கிளவுட்-இனிட்.யாம்ல் என்பதைத் திருத்தினேன். டிஎச்சிபி வேண்டாம், முகவரி 25, கேட்வே 1. ரீபூட் செய்து பார்த்தேன், நின்றது. இன்னொரு முறை செய்தேன், அப்போதும் நின்றது. சரி, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

குழப்பமே அந்த 'நின்றது' என்பதில்தான். எப்போதும் மாறியிருந்தால் முதல் நாளே பிடித்திருப்போம். இது மாதக்கணக்கில் சமர்த்தாக இருந்துவிட்டு ஒரு நாள் காலையில் மாறும். இடையில் எத்தனையோ ரீபூட் செய்திருக்கிறோம், ஒன்றுமே ஆகவில்லை. கரண்ட் போய் வந்த நாளில் மட்டும்தான் மாறுகிறது. அதிலும் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் இல்லை. இரண்டு கட் ஒன்றும் செய்யாமல் போகும், மூன்றாவது கட்டில் வினை.

இப்படி அரைகுறையாக வரும் கோளாறுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்ல முடியும். எங்கள் பக்கத்தில் மூன்று காரணங்கள் ஓடின.

முதலில் மாட்டியது ரூட்டர். "டிஎச்சிபி குத்தகை முடிஞ்சிருக்கும்" என்றார் கூட வேலை செய்யும் ஒருவர். கேட்க நியாயமாக இருந்தாலும் கணக்கு இடித்தது. டிஎச்சிபியில் முகவரி ஒரு காலத்துக்கு மட்டும் தரப்படும்; அந்தக் குத்தகைக் காலம் பாதி கடந்ததுமே கணினி புதுப்பிக்கக் கேட்கும். கிடைக்காவிட்டால் 87.5 சதவீதத்தில் மறுபடி கேட்கும். 24 மணி நேரக் குத்தகை என்றால் 12-ஆவது மணி நேரத்தில் முதல் முயற்சி, 21-ஆவதில் அடுத்தது. குத்தகைதான் காரணம் என்றால் வியாபாரம் நடக்கும் நட்டநடுப் பகலிலும் முகவரி மாறியிருக்க வேண்டும். எங்களுக்கோ பூட் ஆகும் நேரத்தில் மட்டும்தான் மாறியது. அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று: டிஎச்சிபி வேண்டாம் என்று எழுதி வைத்த சர்வர் ரூட்டரிடம் முகவரி கேட்கப் போனதே ஏன்? ரூட்டர் கேட்டவருக்குக் கொடுத்தது. அதன் மேல் குற்றமில்லை.

அடுத்த சந்தேகம் என் மேல். ஐபி கட்டளையால் நேரடியாக முகவரியைச் சேர்த்துவிட்டு, ஃபைலில் எழுத மறந்திருப்பேனோ? அப்படிச் சேர்த்தது லினக்ஸின் மையமான கெர்னலின் நினைவில் மட்டும்தான் இருக்கும், அடுத்த பூட்டில் போய்விடும். முகவரி நிற்கவில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். இன்னும் சிலருக்கு நெட்பிளான் ட்ரை. அது மாற்றத்தைப் போட்டுவிட்டு 120 விநாடி காத்திருக்கும். அதற்குள் என்டர் தட்டாவிட்டால் பழையபடி திருப்பிவிடும். தொலைவில் இருக்கும் சர்வரில் கை தவறி நம்மை நாமே வெளியே பூட்டிக்கொள்ளாமல் இருக்க வைத்த நல்ல ஏற்பாடு அது. தெரியாதவருக்குப் பேய் வேலை மாதிரி இருக்கும். ஆனால் என் விஷயத்தில் இரண்டும் இல்லை. ஃபைலிலேயே எழுதியிருந்தேன், அந்த ஃபைலோடு பல ரீபூட்டுகளையும் கடந்திருந்தேன்.

மூன்றாவது காரணம், "யாரோ உள்ளே போய் மாத்தறாங்க". இதைச் சொன்னவர் அரைகுறையாகச் சரியாகச் சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஃபைலைத் திறந்த விதம்

மூன்றாவது முறை 25 என்று எழுதுவதற்கு முன்னால் கையை எடுத்துவிட்டு, ஃபைலை அப்படியே பார்த்தேன். முதலில் ஸ்டாட் கட்டளை. ஃபைல் கடைசியாக மாறிய நேரம், அன்று விடிகாலை சர்வர் பூட் ஆன அதே நிமிடம். அந்த நேரத்தில் யாரும் லாகின் செய்திருக்கவில்லை. ஆக, ஃபைலை எழுதியது ஆள் இல்லை, பூட்டின்போது ஓடும் ஏதோ ஒன்று.

அப்புறம் உள்ளே பார்த்தேன். மேலே நான்கைந்து வரிகளில் ஒரு குறிப்பு. இந்த ஃபைல் டேட்டாசோர்ஸ் (சர்வருக்கு அமைப்புத் தகவல் தரும் இடம்) தந்த தகவலிலிருந்து உருவாக்கப்பட்டது, இதில் செய்யும் மாற்றங்கள் ரீபூட்டுக்குப் பின் நிலைக்காது, கிளவுட்-இனிட் நெட்வொர்க்கைத் தொடக்கூடாது என்றால் இன்ன இடத்தில் இன்ன ஃபைலை எழுதி வை, என்று பச்சையாகவே எழுதியிருந்தது.

படித்ததும் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. இந்தக் குறிப்பை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். முதல் நாள் ஃபைலைத் திருத்தும்போது, கமென்ட் வரிகள் எதற்கு, ஃபைல் சுத்தமாக இருக்கட்டும் என்று அழித்தவன் நான்தான். ரீபூட் செய்து பார்த்தபோது மாற்றம் நின்றதால், 'நிலைக்காது' என்ற எச்சரிக்கை வெறும் சம்பிரதாயம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அழித்த குறிப்பு திரும்ப வந்திருக்கிறது என்றால் ஃபைல் திருத்தப்படவில்லை, முழுதாகப் புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் கிளவுட்-இனிட். இனி ஒரே கேள்வி: ஒவ்வொரு பூட்டிலும் ஓடும் கிளவுட்-இனிட், சில பூட்டுகளில் மட்டும் ஏன் எழுதுகிறது?

இதற்கு விடை அதன் பிறப்பிலேயே இருக்கிறது. கிளவுடில் ஒரே இமேஜிலிருந்து ஆயிரம் சர்வர்கள் பிறக்கும். இமேஜுக்குத் தன் பெயர் தெரியாது, முகவரி தெரியாது, யாரை உள்ளே விடலாம் என்றும் தெரியாது. முதல் முறை கண் விழிக்கும்போது 'நான் யார்?' என்று கேட்டு, வரும் பதிலின்படி தன்னை அமைத்துக்கொள்ளத்தான் கிளவுட்-இனிட். அமேசான் மாதிரி இடங்களில் 169.254.169.254 என்ற முகவரியில் கேட்கும். ப்ராக்ஸ்மாக்ஸில் பதில் ஒரு சின்ன சிடி டிரைவ் வடிவத்தில் விஎம்மோடு ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். பதிலோடு சேர்த்து ஒரு இன்ஸ்டன்ஸ் ஐடியும் வரும். இந்த ஐடி போன பூட்டில் பார்த்த அதே ஐடிதான் என்றால், 'நான் பழைய ஆள்தான்' என்று கிளவுட்-இனிட் நெட்வொர்க்கைத் தொடாமல் விட்டுவிடும். ஐடி மாறியிருந்தால் 'நான் இப்போதுதான் பிறந்தேன்' என்று முடிவு செய்து எல்லாவற்றையும் ஆதியிலிருந்து செய்யும்.

வார் அடைவில், லிப், கிளவுட், இன்ஸ்டன்சஸ் என்று உள்ளே போனால், அந்த சர்வர் இதுவரை எடுத்த பிறவிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். எங்கள் சர்வரில் ஒன்றுதான் இருந்திருக்க வேண்டும், இருந்தவை நான்கு. ஒவ்வொன்றின் பெயரும் 40 எழுத்து நீள ஹாஷ், அதாவது ஒரு தகவலிலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறி. முதல் ஃபோல்டரின் தேதி விஎம் உருவான நாள். மற்ற மூன்றின் தேதிகளை எடுத்து போன் வந்த நாட்களோடு ஒப்பிட்டேன். ஒன்று கூடத் தப்பவில்லை.

ஐடியை மாற்றியது யார்

ப்ராக்ஸ்மாக்ஸ் இந்த ஐடியை எப்படிச் செய்கிறது என்று பார்த்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. விஎம்முக்குக் கொடுக்கப்போகும் பயனர் தகவலையும் நெட்வொர்க் தகவலையும் சேர்த்து எஸ்எச்ஏ-1 ஹாஷ் போட்டு, அதையே ஐடியாக வைக்கிறது. அதில் ஒரு எழுத்து மாறினாலும் ஐடி வேறு. யோசித்துச் செய்ததுதான்; தகவல் மாறினால் சர்வர் அதை ஏற்க வேண்டும், ஏற்க வைக்க இதுதான் வழி. இதில் மென்பொருளின் பிழை ஏதும் இல்லை, தெரியாமல் இருந்தது நாங்கள்.

இன்னொன்று. அந்தச் சின்ன சிடி புதிதாக எழுதப்படுவது விஎம் தொடங்கும்போது. அதாவது ப்ராக்ஸ்மாக்ஸ் அந்த விஎம்மை முழுதாக நிறுத்தி மறுபடி தொடங்கும்போது. விஎம்முக்குள் இருந்துகொண்டு ரீபூட் கொடுத்தால் உள்ளே இருக்கும் லினக்ஸ்தான் மறுபடி எழுகிறது. வெளியே விஎம்மை ஓட்டும் கியூஎமு புராசஸ் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், சிடியும் பழையதே. நான் செய்த ரீபூட் சோதனைகள் அத்தனையும் உள்ளே இருந்து செய்தவை. ஆயிரம் முறை செய்திருந்தாலும் தேறியிருக்கும். கரண்ட் போனால் ஹோஸ்ட்டே நின்று எழுகிறது, எல்லா விஎம்மும் புதிதாகத் தொடங்குகின்றன. இடைப்பட்ட நாட்களில் யாராவது எதையாவது தொட்டிருந்தால் அன்றைக்கு அது வெளியே வரும். தொடாதிருந்தால் ஒன்றும் ஆகாது. எல்லா கட்டுக்கும் மாறாமல், சில கட்டுக்கு மட்டும் மாறியதன் ரகசியம் இதுதான்.

சரி, யார் எதைத் தொட்டார்கள்? ப்ராக்ஸ்மாக்ஸின் டாஸ்க் பதிவுகளையும் எங்கள் நினைவையும் வைத்துப் பின்னோக்கிப் போனோம். முதல் முறை, விஎம்களுக்கு ஒழுங்கான பெயர் வைக்கிறேன் என்று இந்த விஎம்மின் பெயரை நான்தான் மாற்றியிருந்தேன். விஎம் பெயர் ஹோஸ்ட்நேமாக அந்தத் தகவலுக்குள் போகிறது. இரண்டாவது முறை, புதிதாகச் சேர்ந்த தம்பியின் எஸ்எஸ்எச் கீயை, அதாவது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் சாவியை, ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில் விஎம்முக்கு இருக்கும் கிளவுட்-இனிட் டேபில் சேர்த்தோம். அதுவும் உள்ளே போகிறது.

மூன்றாவதுதான் ரசமானது. அந்த விஎம்மை யாருமே தொடவில்லை. நாங்கள் செய்தது ஹோஸ்ட்டின் டிஎன்எஸ் முகவரியை (பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் சர்வரின் முகவரி) மாற்றியது மட்டும், அதுவும் வேறு ஏதோ காரணத்துக்காக. விஎம்முக்கென்று டிஎன்எஸ் தனியாகக் கொடுக்காவிட்டால் ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட்டினுடையதை எடுத்துக்கொள்ளும். ஹோஸ்ட்டில் ஒரு வரி மாறியது, விஎம்மின் நெட்வொர்க் தகவல் மாறியது, ஹாஷ் மாறியது, ஐடி மாறியது. அடுத்த கரண்ட் கட்டில் டேட்டாபேஸ் சர்வர் மறுபிறவி எடுத்து, டேபில் எழுதியிருந்தபடி டிஎச்சிபி கேட்கப் போய்விட்டது. ஆம், டேபில் இன்னமும் டிஎச்சிபி என்றே இருந்தது. உள்ளே மாற்றியவன் வெளியே மாற்றவில்லை.

தடயங்கள் இல்லாமல் இல்லை. முகவரி மாறிய ஒவ்வொரு முறையும், சரி செய்த பிறகு எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போனால் 'ஹோஸ்ட் அடையாளம் மாறிவிட்டது, யாரோ நடுவில் புகுந்திருக்கலாம்' என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வரும். முகவரி மாறிய குழப்பத்தில் இதுவும் ஒன்று என்று நினைத்து, தெரிந்த சர்வர்களின் கீகளை வைத்திருக்கும் நோன் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் அந்த வரியை அழித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். 25 பழைய 25 தான், பெட்டியும் பழைய பெட்டிதான், பிறகு சர்வரின் அடையாளக் கீ ஏன் மாற வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இரண்டாவது முறையே பிடித்திருக்கலாம். புதிதாகப் பிறந்த சர்வர் பழைய ஹோஸ்ட் கீகளை அழித்துவிட்டுப் புதியவற்றைச் செய்துகொள்ளும்; கிளவுட்-இனிட்டின் இயல்பான வழக்கம் அது. அந்த நாட்களில் இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் தோற்றதும் இதனால்தான். அதையும் நெட்வொர்க்கின் தலையில் போட்டிருந்தேன்.

பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட்டின் ஹிஸ்டரி லாகில் இன்னொன்று. அந்த மூன்று பூட்டுகளிலும் பேக்கேஜ்கள் தானாக மேம்படுத்தப்பட்டிருந்தன. ப்ராக்ஸ்மாக்ஸ் கொடுக்கும் பயனர் தகவலில் முதல் பூட்டில் பேக்கேஜ்களை மேம்படுத்து என்று ஒரு வரி உண்டு. புது சர்வருக்கு நல்லதுதான். பில் போட ஆள் வரிசையில் நிற்கும் காலையில் டேட்டாபேஸ் சர்வருக்கு அது வேண்டாம்.

கடைசியாக, கணினிப் பெயர்களுக்கு முகவரி எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைல். எட்சியில் இருக்கும் அந்த ஃபைலில் பிரின்ட் சர்வருக்காக நான் போட்ட ஒரு வரி, ஒவ்வொரு ரீபூட்டிலும் காணாமல் போகும். இதைத் தனி வியாதி என்று நினைத்து, பூட்டுக்குப் பின் அந்த வரியை மறுபடி ஒட்டும் ஒரு ஸ்கிரிப்ட்டே எழுதி வைத்திருந்தேன். அதுவும் இந்த கிளவுட்-இனிட்தான். ஹோஸ்ட்ஸ் ஃபைலை நீயே நிர்வகி என்று அந்தத் தகவலில் இருப்பதால் ஒவ்வொரு பூட்டிலும் அச்சிலிருந்து புதிதாக வார்க்கிறது. இருவரும் மாதக்கணக்கில் ஒரே ஃபைலில் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். டிஎன்எஸ்ஸுக்கான ரிசால்வ்.கான்ஃப் ஃபைலில் கையால் எழுதிவிட்டுக் காலையில் காணோம் என்று தேடுகிறவர்கள் கதையும் இதே குடும்பம்தான். உபுண்டுவில் அது சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற சேவை வைத்திருக்கும் ஃபைலுக்கு ஒரு சிம்லிங்க், அதாவது சுட்டி. உண்மையான ஃபைல் இருப்பது ரன் அடைவில், அதாவது ராமில்.

தீர்வு, அதில் வந்த ஒரு அடி

சில வழிகள் பேசப்பட்டன. ஃபைலில் யாரும் எழுத முடியாதபடி சாட்டர் கட்டளையால் தடை போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை. வேண்டாம் என்றேன். எழுத வரும் கிளவுட்-இனிட் பூட்டின் நடுவில் தோற்று நிற்கும், ஹோஸ்ட் கீயும் பேக்கேஜும் பிரச்சினையாகவே தொடரும்.

99 என்று தொடங்கும் இன்னொரு ஃபைல் போடலாம் என்பது அடுத்தது. நெட்பிளான் ஃபைல்களைப் பெயர் வரிசையில் படித்து ஒன்றாகச் சேர்க்கும். பிந்தைய ஃபைலில் டிஎச்சிபி வேண்டாம் என்றால் அதுதான் செல்லும். முகவரிப் பட்டியல்களையோ அது மாற்றாது, கூட்டும். என்றைக்காவது யாராவது டேபில் ஒரு நிலையான முகவரியை எழுதினால் சர்வர் இரண்டு முகவரிகளோடு எழும். இரண்டு இடத்தில் உண்மை இருப்பதுதானே இத்தனை நாள் நோய்? அதே நோயை வேறு பெயரில் வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

டேபிலேயே 25 என்று எழுதுவது நேர்மையான வழி. அடிக்கடி அழித்து அடிக்கடி உருவாக்கும் எங்கள் டெஸ்ட் சர்வர்களுக்கு அதையே செய்தோம். டேட்டாபேஸ் சர்வர் அப்படி இல்லை. ஒரு முறை பிறந்தது, வருடக்கணக்கில் இருக்கப்போவது. அதற்கு 'நான் யார்' என்ற கேள்வியே இனி எழக்கூடாது. ஆகவே கிளவுட்-இனிட்டையே நிறுத்துவது என்று முடிவு. எட்சியில் கிளவுட் அடைவுக்குள் கிளவுட்-இனிட்.டிசேபிள்ட் என்ற பெயரில் ஒரு வெற்று ஃபைல் இருந்தால் போதும், அது எழாது. நெட்வொர்க்கை மட்டும் விடச் சொல்ல, அந்தக் குறிப்பே சொன்ன வழி உண்டு: கிளவுட்.சிஎஃப்ஜி.டி ஃபோல்டரில் 99-டிசேபிள்-நெட்வொர்க்-கான்ஃபிக்.சிஎஃப்ஜி. எங்களுக்கு அது பத்தாது, ஹோஸ்ட் கீ மாறுவது நிற்காது.

நேரடியாக டேட்டாபேஸ் சர்வரில் கை வைக்காமல், ஒரு குளோன் எடுத்து வெளியே தொடர்பில்லாத தனி பிரிட்ஜில் (மெய்நிகர் நெட்வொர்க்) வைத்தேன். கோளாறை முதலில் வேண்டுமென்றே வரவழைத்துப் பார்ப்பது திட்டம். அதற்கு வேலையே இருக்கவில்லை. குளோனுக்குப் புது மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்), ஆகவே புது நெட்வொர்க் தகவல், புது ஐடி. முதல் பூட்டிலேயே 25 போய் டிஎச்சிபி வந்து நின்றது. பழைய ஃபைலை அழித்து, 10-ஸ்டாட்டிக்.யாம்ல் என்று சொந்த ஃபைல் எழுதி, கிளவுட்-இனிட்டை நிறுத்தி, விஎம் பெயரை மாற்றி, ஷட்டவுன் செய்து, தொடங்கினேன். முகவரி நின்றது. ஹோஸ்ட் கீயும் நின்றது.

டேட்டாபேஸ் மட்டும் எட்டவில்லை. பிங் போகிறது, டேட்டாபேஸுக்கு இணைப்பு இல்லை. அரை மணி நேரம் போனது இதில். கிளவுட்-இனிட் எழுதும் ஃபைல், மேக் முகவரியை வைத்துக் கார்டை அடையாளம் கண்டு அதற்கு இடிஎச்0 என்று பெயர் சூட்டும். என் ஃபைலில் அந்த வரிகளை விட்டுவிட்டு, லினக்ஸ் தானாக வைக்கும் இஎன்எஸ்18 என்ற பெயரையே பயன்படுத்தியிருந்தேன். பேக்கப்பிலிருந்து மீட்கும்போது மேக் மாறினாலும் சர்வர் எழ வேண்டும் என்பதால் தெரிந்தே செய்தது. யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் விதியில் 'இடிஎச்0 வழியாக வருவதை விடு' என்று இருந்ததை மறந்துவிட்டேன். கார்டின் பெயர் மாறியதும் அந்த விதி யாருக்கும் பொருந்தாமல் அநாதையாகிவிட்டது. குளோனில் பட்டது நல்லதாயிற்று. விதியை இஎன்எஸ்18-க்கு மாற்றிய பிறகே உண்மையான சர்வரில் செய்தோம், ஞாயிற்றுக்கிழமை மதியம், கடை மூடியிருக்கும்போது.

கடைசியாக அந்த விஎம்மிலிருந்து கிளவுட்-இனிட் டிரைவையே கழற்றிவிட்டேன். ஹோஸ்ட்ஸ் ஃபைலை ஒட்டும் ஸ்கிரிப்ட்டையும் அழித்தேன். புது நெட்பிளான் ஃபைலின் தலையில், இந்த முகவரி கையால் எழுதப்பட்டது, கிளவுட்-இனிட் நிறுத்தப்பட்டிருக்கிறது, நிறுத்திய ஃபைல் இன்ன இடத்தில் இருக்கிறது என்று நான்கு வரி கமென்ட் எழுதி வைத்திருக்கிறேன். என்னைப் போல் யாராவது சுத்தம் செய்ய வந்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு வாரம் கழித்து தம்பியிடமிருந்து போன். "அண்ணா, டேட்டாபேஸ் விஎம்ல அந்த டேபைத் திறந்தா டிரைவே இல்லைன்னு சொல்லுது. புது லேப்டாப் கீயை எங்க போடுறது?"

சர்வருக்குள் போய் ஆத்தரைஸ்ட் கீஸ் ஃபைலில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.